ஏர் ஏறும் நேரம்

ஆபீசில் எனக்கு அடுத்த சீட்டில் இருப்பவள் போன வருஷம் கிரீஸுக்குப் போய்விட்டு வந்தாள். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல் ஏறி, அமோர்கோஸ் என்கிற தீவில் போய் இறங்கியிருக்கிறாள். சாண்டோரினி மாதிரி கூட்டம் கிடையாதாம். "அங்க போய் என்னதான் செஞ்ச?" என்று கேட்டேன். பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். காலையில் கல் பாதையில் பக்கத்து ஊருக்கு நடப்பது. மதியம் தூங்குவது. ஒரு புத்தகத்தை முடிப்பது. பூனைகளுக்குச் சோறு வைப்பது. சாயங்காலம் கடலைப் பார்த்துச் சும்மா உட்காருவது. ஐந்துமே காசில்லாத காரியங்கள். அவற்றைச் செய்ய அவளுக்கு இரண்டு லட்சத்துக்குமேல் ஆகியிருந்தது.

அந்தப் பட்டியலை அழிக்காமல் வைத்திருந்தேன். பெங்களூரில் பதினோரு வருஷம் ஆகிறது. நான் இருக்கும் தெருவில் மேம்பால வேலை நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் கம்பி அறுக்கும் சத்தம் கேட்கும். எனக்கு வேண்டியிருந்தது கடலும் இல்லை, பூனையும் இல்லை. நாலு நாள் சத்தமில்லாத ஓர் இடம்.

இந்த பிப்ரவரியில் ஐந்து நாள் லீவு கிடைத்தது. அதே வாரம் அம்மா போன் பண்ணினாள். தங்கைக்குப் பிரசவம், அம்மா திருப்பூரில் இருந்தாள். "அந்த மனுசன் வத்தலக்குண்டுல ஒத்தையாக் கெடக்காரு. கடையில வாங்கித் திங்கிறாரு. நீ ஒரு நாலு நாளு போயி இருந்துட்டு வாடி."

எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. அப்பாவும் நானும் மட்டும் ஒரு வீட்டில் நாலு நாள் இருந்ததே இல்லை. 2019இல் அவர் பார்த்துவைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இரண்டு வார்த்தைதான். நான் போன் பண்ணினால் எடுப்பார். நான் பேசுவேன். "ம்... சரி. இந்தா அம்மாட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். தீபாவளிக்கு வந்தால் டிவியை அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பேச வருவதைத் தடுக்கத்தான் அப்படி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில், அந்த டிவியோடு நாலு நாள் முடியாது. "கொடைக்கானலுக்குப் போவமாப்பா?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்ட பிறகு, "அங்க என்ன இருக்கு?" என்றார்.

*

அப்பா இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பாதிக்குமேல் கொடைக்கானல் ரூட். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி இறங்குவார். ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு எத்தனை ஆயிரம் தடவை ஏறியிருப்பார் என்று கணக்கில்லை. ஆனால் எங்களை ஒரு ராத்திரிகூட அங்கே தங்க வைத்ததில்லை. ஸ்கூலில் எல்லாரும் போட்டில் போன கதை சொல்வார்கள். வீட்டில் கேட்டால், "அது நான் வேல பாக்குற எடம்"என்பார். மீன் வியாபாரி வீட்டில் மீன் சமைக்காத மாதிரி என்று அம்மா சொல்வாள்.

கார் பிடிக்கலாம் என்றேன். மறுத்துவிட்டார். 2024 மே மாதத்திலிருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பஸ்ஸில் போனால் அந்த வேலையில்லை. டிரைவருக்குப் பின் சீட்டில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் அவருக்கு இடது பக்கம்.

காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டியதும் அவர் உடம்பு மாறியது. வளைவு வருவதற்கு முன்பே இடது கால் தரையை அழுத்துகிறது. வலது கை தொடையின்மேல் லேசாகத் திரும்புகிறது. டம்டம் பாறை வந்தபோது எதிரே தலையாறு அருவி தெரிந்தது. கிட்டத்தட்ட ஆயிரம் அடி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், தூரத்திலிருந்து பார்க்க அப்படித்தான் மெல்லிசாகத் தொங்கும். "இங்குட்டு மழக் காலத்துல கல்லு உருளும்" என்றார். அப்புறம் அவராகவே சொல்லிக்கொண்டு வந்தார். ஊத்து, வாழைகிரி, பெருமாள்மலை, செண்பகனூர். எந்த வளைவில் மூடுபனி முதலில் இறங்கும், எந்த வளைவில் லாரிக்காரன் வழி விடமாட்டான். அவர் என்னோடு இவ்வளவு பேசியது எனக்கு ஞாபகம் இல்லை. சந்தோஷத்தில் நடுவில் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். சரி, கேள்வி கேட்கக்கூடாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு இடம், ஒரே நாள். 1863இல் லெவிஞ்ச் துரை வெட்டவைத்த ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பார்க், தூண் பாறை. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு எல்லாரும் முதலில் சொல்வது குணா குகை. நாங்கள் ஒன்றுக்கும் போகவில்லை. பூம்பாறை பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

*

பூம்பாறை கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். போகிற வழியில் சூரிய ஆய்வகம் வரும். 1909இல் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நூறு வருஷத்துக்கு மேலாக வானம் தெளிந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுக்கிறார்கள். "தெனமும் ஒரே ரூட்டு" என்றார் அப்பா. அவர் ஜோக் அடித்தார் என்பது இரண்டு வளைவு தாண்டித்தான் எனக்குப் புரிந்தது.

ஊருக்கு மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் பூம்பாறை ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது மாதிரி தெரியும். நெருக்கமான ஓட்டு வீடுகள், தகரக் கூரைகள், சுற்றிலும் படிப்படியாக வயல். பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ். தோழி அனுப்பிய அமோர்கோஸ் படங்களிலும் இதே மாதிரி படிக்கட்டு வயல்கள் இருந்தன. சாந்து வைக்காமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள். கிரீஸ் உட்பட எட்டு நாடுகளின் அந்தக் கல்லடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புகையில் பதப்படுத்தி வைப்பதால் நாள்பட இருக்கும். உரிக்கும்போதே விரல் காரும்.

ஊரின் கடைசியில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு ரூம் எடுத்திருந்தேன். டிவி இல்லை. போனில் சிக்னல் வந்து வந்து போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு சத்தம் இல்லை. பலகணியில் நின்றுகொண்டு, 'இதுதான், இதற்குத்தான் வந்தேன்' என்று நினைத்தேன். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒன்பது மணிக்கே தூங்கிப்போனேன்.

மறுநாள் நானும் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, குழந்தை வேலப்பர் கோயில். பழனியில் இருப்பது போலவே இங்கும் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. அருணகிரிநாதர் இங்கே படுத்திருந்தபோது ஓர் அரக்கி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து அவர்மேல் கிடக்க, காவித் துணியையும் குழந்தையையும் பார்த்தவள் தாயும் பிள்ளையும் என்று நினைத்து விட்டுவிட்டாளாம். அப்பா கோயில் மணியைத் தானே இழுத்து அடித்தார். ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை. பூசாரி திரும்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு, சோலை. ரோட்டோரமாகவே நடந்தோம். முதலில் பைன், வாட்டில் மரங்கள். அவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை, கீழே புல்கூட சரியாக முளைக்காது. அதைத் தாண்டி ஒரு மடிப்பில் சோலை இருந்தது. குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, உள்ளே இருட்டு. பறவை ஆய்வாளர்கள் இந்த மலையுச்சிகளை 'வானத்துத் தீவுகள்' என்கிறார்கள். சோலைப் பறவையால் கீழே இறங்கி வெக்கையான சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. கடல் சூழ்ந்த தீவைப் போலவே மாட்டிக்கொண்டுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு சோலைக்கிளி, தெற்கே நம் பக்கம் வேறொரு சோலைக்கிளி. இரண்டும் பேசிக்கொள்ளாமலே பல லட்சம் வருஷம் ஆகி, தனித்தனி இனமாகிவிட்டன. 2017இல்தான் இவற்றுக்கென்று தனிப் பேரினமே பிரித்து, 'ஷோலிகோலா' என்று பேர் வைத்தார்கள்.

நின்ற இடத்தில் புதருக்குள்ளிருந்து ஒரு கூட்டம் கத்தியது. பழனி மலையின் சிரிக்கும் பறவை. ஒன்று ஆரம்பித்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும், உச்சஸ்தாயியில், யாரோ விடாமல் கேலி செய்கிற மாதிரி. நான் பரவசமாகி, "அப்பா கேக்குதா? இது இந்தப் பக்கத்து மலைங்கள்ல மட்டுந்தான் இருக்காம்" என்றேன். அவர் நான் காட்டிய பக்கம் பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "கரண்ட் கம்பி இங்குட்டும் போட்டுட்டாய்ங்க பாரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எதைக் காட்டினாலும் அக்கறையில்லை. ஆறு வருஷம் ஆகியும் மனசு இறங்கவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு வந்தது என் தப்பு. திரும்பி வரும்போது நான் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

*

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். விழித்துப் பார்த்தால் பலகணிக் கதவு திறந்திருந்தது. அப்பா குல்லாவைப் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனி கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. "தூக்கம் வரலையாப்பா?" என்றேன். பதில் இல்லை. இன்னும் கிட்டப் போய்க் கேட்டேன். இல்லை. கோபத்தில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். திடுக்கிட்டு எழுந்தார். நான் வந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஏம்ப்பா தூங்கல?"

"ஒண்ணுமில்லத்தா. இங்க சத்தம் சாஸ்தியா இருக்கு."

"சத்தமா?"

காதைத் தொட்டுக் காட்டினார். இடது காது.

"குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முந்தி உஸ்ஸுன்னு ஒண்ணு வரும்ல. அது. வீட்ல டிவி ஓடுனா, பேன் ஓடுனா, அதுக்குள்ள மறஞ்சிரும். இங்க ஒண்ணுமே இல்லயா, அது மட்டுந்தான் கேக்குது. நேத்தும் தூங்கல."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக நான் குளிரக் குளிரக் குடித்துக்கொண்டிருந்த அமைதி, இவருக்கு ராத்திரி முழுக்க அணையாத ஒரு விசில்.

"எப்பருந்து இருக்கு?"

"அது ஆச்சு. ரிட்டேர்டு ஆகுறதுக்கு நாலு வருசம் முந்தியே."

அவர் ஓய்வுபெற்றது 2021. அப்படியென்றால் 2017.

பழைய பஸ்களில் இன்ஜின் டிரைவருக்கு இடது பக்கம், ஒரு பானட்டுக்கு அடியில் இருக்கும். முழங்காலுக்குப் பக்கத்தில் கொதிக்கும். மலை ஏறும்போது செகண்ட் கியரிலேயே மணிக்கணக்கில் முழங்கும். எண்பத்தைந்து டெசிபலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்குக் கேடு என்பது பரவலாக வைத்திருக்கும் கணக்கு. உள்காதில் ஒலியை வாங்குகிற நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. மேல்சுருதிகளுக்கான செல்கள்தான் முதலில் போகும். பறவைச் சத்தம், குழந்தைகள் குரல், பெண்கள் குரல், 'ச', 'ஸ' எழுத்துகள். வராமல்போன ஒலியின் இடத்தை மூளை தானே ஏதோ ஓர் இரைச்சலைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது என்கிறார்கள். இதெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தது. அந்த ராத்திரியில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பஸ்ஸில் வரும்போது நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்ப்பா யார்ட்டயும் சொல்லல? அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கு? டிப்போல தெரிஞ்சா வண்டிய விட்டு எறக்கிருவாய்ங்க. உன் தங்கச்சி அப்ப காலேஜு."

அதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். முதலில் வந்தது பயம். நாலு வருஷம், அறுபது பேரை வைத்துக்கொண்டு, அந்த ரோட்டில், காது கேட்காமல். "ஹாரன் கேக்காம எப்பிடிப்பா ஓட்டுனீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்தது நல்லதாயிற்று, அவருக்குக் கேட்டது.

"ஹாரன் கேக்கும். அது பெரிய சத்தம்லா. சின்னச் சத்தந்தான் போயிருச்சு. நான் எந்த வளைவுலயும் ஹாரன நம்பித் திருப்புனதில்ல. கண்ணாடி இருக்கு, லைட்டு இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, அவரே, "இருந்தாலும் தப்புத்தான்" என்றார்.

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காமல் போனதால் அது தப்பில்லை என்று ஆகாது. தங்கை படித்த படிப்பு அந்த நாலு வருஷத்தில் வந்தது என்பதும் பொய்யில்லை.

"நான் போன் பண்ணா அம்மாட்ட குடுத்துருவீங்களே. அந்த மாப்பிள்ள விசயத்துல கோவம்னுல்ல நெனச்சேன்."

"கோவந்தான்" என்றார். "அது ஒரு ஆறு மாசம் இருந்துச்சு. அப்பறம் நீ பேசுறது போன்ல வெளங்கல. வண்டு கத்துற மாதிரி கேக்கும். என்ன கேட்டன்னு தெரியாம என்னத்த சொல்ல? சரின்னு சொன்னா எல்லாத்துக்கும் பொருந்தும்ல."

ஐந்து வருஷமாக நான் அந்த 'சரி'யைத் தனித்தனியாக எடைபோட்டிருக்கிறேன். இன்றைக்குக் கொஞ்சம் இளகியிருக்கிறார், இன்றைக்கு இறுகியிருக்கிறார் என்று. தோழிகளிடம் அதைப் பற்றி அழுதிருக்கிறேன்.

*

நாலரை மணிக்கு அவர் செருப்பைத் தேடினார். "எங்கப்பா?" என்றால், "வா" என்றார். டார்ச் அடித்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினோம். ராத்திரி தங்கல் வண்டி ஒன்று கோயில் பக்கம் நின்றது. டிரைவர் அப்போதுதான் எழுந்து முகம் கழுவியிருந்தார். அப்பா போய், தான் இன்ன வருஷம் இன்ன டிப்போ என்று சொன்னார். "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று அவர் டீ சொன்னார்.

வண்டியை ஸ்டார்ட் செய்து அப்படியே ஓடவிட்டார்கள். ஏர் பிரேக் வண்டிகளில் காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் கிளப்ப முடியும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். "ஏர் ஏறணும்" என்பார்கள். அந்த நேரத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரு வேலையும் இல்லை. டீ குடிப்பார்கள்.

அப்பா கதவோரப் படியில் ஏறி, பானட்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வண்டி மொத்தமும் அதிர்ந்தது. தகரம் தகரமாக அத்தனை சத்தம். ஒரு நாள் முன்பு என்றால் காதைப் பொத்தியிருப்பேன். அப்பாவின் முகம் தளர்ந்தது. தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப கேக்குதாப்பா, அந்த விசில்?" என்று அவருக்கு வலது பக்கம் வந்து சத்தமாகக் கேட்டேன்.

"இல்ல" என்றார். பிறகு அந்த டிரைவரிடம், "தம்பி, ஒரு டேப்பட் அடிக்குது, டிப்போல சொல்லு" என்றார்.

மீதி இரண்டு நாள் பட்டியலை மாற்றிக்கொண்டோம். காலையில் பஸ் ஏர் ஏறும் வரை அதன் பக்கத்தில் நிற்பது. பிறகு வயலுக்குத் தண்ணீர் பாயும் ஓடையில், கல்லில் விழுந்து சத்தம் போடும் இடமாகப் பார்த்து உட்காருவது. அங்கே அப்பா மதியம் ஒரு மணி நேரம் தூங்கினார். சாயங்காலம் கோயில் மணி, அவர் வேண்டிய மட்டும். ராத்திரி என் போனில் மழைச் சத்தத்தைப் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தேன். பெங்களூர் தெருவை மறைக்க நான் போட்டுக்கொள்வது அது. இரண்டு ராத்திரியும் விடியும்வரை தூங்கினார். எனக்குத்தான் அந்த மழையில் தூக்கம் வரவில்லை.

கீழே இறங்கும்போது பஸ்ஸில் அவரை உள்ளே தள்ளி உட்காரச் சொன்னேன். நான் அவருக்கு வலது பக்கம், ஜன்னலோரம். "அது என் சீட்டுல்ல" என்றார். "காது இந்தப் பக்கந்தான இருக்கு" என்றேன். டம்டம் பாறை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். பக்கத்து சீட்டுக்காரர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த நாள் திண்டுக்கல்லில் ஒரு காது டாக்டரிடம் போனோம். ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாகக் கேட்கவைத்து, ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கோடு இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கியது. அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம காட் ரோடு மாதிரியே எறங்குது" என்றார்.

மிஷின் வாங்கியாயிற்று. தெருவில் மாட்டிக்கொண்டு போகமாட்டார். கிழவன் என்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணினால் எடுத்து, "இருத்தா, வைக்காத, மாட்டிட்டு வாறேன்" என்கிறார். அது மாட்டி முடிய ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். அலமாரி திறக்கும் சத்தம், டப்பா சத்தம், "இத எங்குட்டு மாட்டணும்" என்று அம்மாவிடம் கேட்கும் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். நான் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.